குளூட்டனை நிறுத்தியும் அடங்காத செலியாக் தொல்லைகள்: அடுத்து எதைப் பார்ப்பது?

அலைவரிசை · மார்ச் 2

பயாப்ஸியில் உறுதியான செலியாக் (குளூட்டன் என்ற தானியப் புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய்). கோதுமை, பார்லி, ரை மூன்றையும் விட்டு ஒரு வருடம் தாண்டிவிட்டது. டிடிஜி-ஐஜிஏ ரத்தப் பரிசோதனை இப்போது நார்மல். ஆனாலும் சாப்பிட்ட அரை மணி, ஒரு மணியில் வயிறு உப்புகிறது, அடிக்கடி பேதி, எந்நேரமும் அசதி. ரத்தம் நார்மல் என்றால் குடல் ஆறிவிட்டது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் இது குளூட்டன் வேலை இல்லை. பால், சோயா, சோளம், முட்டை, எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

நூல்கண்டு · மார்ச் 2

இப்போதைக்கு எதையும் நிறுத்த வேண்டாம்.

உங்கள் வாதம் ஓரிடத்தில் இடிக்கிறது. டிடிஜி என்பது ஆன்டிபாடியின் அளவு. அது குடல் சுவரைப் பார்த்துச் சொல்வதில்லை. சிகிச்சையில் இருப்பவர்களில் பயாப்ஸி எடுத்தால் குடலுறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்முளைகள்) இன்னும் மழுங்கியே இருக்கும் ஆட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த ரத்தப் பரிசோதனை நார்மல் என்றுதான் வருகிறது. அதிகமாக வந்தால் நம்பலாம்: எங்கிருந்தோ குளூட்டன் வருகிறது. நார்மலாக வந்தால் ‘பெரிய அளவில் வரவில்லை’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

குடல் ஆறும் வேகமும் பலர் நினைப்பது போல இல்லை. மேயோ கிளினிக் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் 2 ஆண்டுகளில் குடல் முழுதாக ஆறியவர்கள் 34 சதவீதம், 5 ஆண்டுகளில் 66 சதவீதம். குழந்தைகளுக்கு இதைவிட விரைவாக ஆறும். ஒரு வருடம் என்பது பெரியவர்கள் பலருக்குப் பாதி வழிகூட இல்லை.

நூல்கண்டு · மார்ச் 2, இரவு

ஒரேயடியாக நான்கு உணவை நிறுத்தும் யோசனை ஏன் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோயாவை நிறுத்தினால் சோயா சாஸும் போய்விடும். வழக்கமான சோயா சாஸில் கோதுமை இருக்கிறது. உடம்பு தேறினால் பழி சோயா மேல் விழும், கோதுமை தப்பித்துக்கொள்ளும். முட்டையையும் பாலையும் நிறுத்தினால் பாக்கெட் உணவு பாதி தானாகக் குறையும், அதனோடு மறைந்திருந்த குளூட்டனும் குறையும். ‘எனக்கு முட்டை ஆகாது’ என்று ஆயுளுக்கும் ஒதுக்கி வைத்துவிடுவீர்கள். ஏற்கெனவே சத்து சரியாக ஏறாத உடம்பு அது.

வரிசை இப்படி: முதலில் நோய் இதுதானா என்று ஒருமுறை உறுதி. பிறகு குளூட்டன் எங்கிருந்தாவது கசிகிறதா. பிறகு குடல் ஆறியதா. கடைசியாக, செலியாக்கோடு சேர்ந்து வரும் மற்ற நோய்கள். பெரும்பாலானோருக்கு விடை இரண்டாவதிலோ நான்காவதிலோ கிடைத்துவிடும்.

தராசு · மார்ச் 3

உணவியல் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அளவு தெரியாமல் ‘ஜாக்கிரதையாக இருக்கிறேன்’ என்று சொல்வதில் பயனில்லை, அதனால் கணக்கு.

2007-இல் இத்தாலியில் கடாசியின் குழு 90 நாள் சோதனை ஒன்றை நடத்தியது. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் எடுத்தவர்களுக்குக் குடலுறிஞ்சிகள் பாதிக்கப்பட்டன. அதையும் மற்ற ஆய்வுகளையும் வைத்துத்தான் நாளுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலோருக்குப் பாதகமில்லை என்று கொள்கிறார்கள். ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் சுமார் 2 கிராம் குளூட்டன், அதாவது 2000 மில்லிகிராம். 10 மில்லிகிராம் என்பது அந்தத் துண்டில் 200-இல் ஒரு பங்கு. விரல் நுனியில் ஒட்டும் தூள்தான்.

‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிடச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். வரம்பின் உச்சத்தில் இருக்கும் பொருளை நாளுக்கு அரைக் கிலோ தின்றால் 10 மில்லிகிராம் ஆகிவிடும். பெரும்பாலான பொருட்கள் வரம்புக்கு வெகு கீழேதான் இருக்கும். ஆனால் மூன்று வேளையும் பாக்கெட் மாவு, பாக்கெட் ரொட்டி, பாக்கெட் நொறுக்கு என்று ஓட்டுபவர்களுக்கு இந்தக் கூட்டல் பொருந்தும்.

தராசு · மார்ச் 3

விட்டுப்போனது: இயல்பிலேயே குளூட்டன் இல்லாத தானியங்கள்தான் பலர் சந்தேகப்படாத இடம். 2010-இல் அமெரிக்காவில் குளூட்டன் இல்லாதது என்று குறிக்காமல் விற்ற தானியம், விதை, மாவு 22 மாதிரிகளைச் சோதித்தார்கள். 7 மாதிரிகள் 20 பிபிஎம்முக்கு (அதே கிலோவுக்கு 20 மில்லிகிராம்) மேல். காரணம் எளிது: அதே வயல், அதே அறுவடை இயந்திரம், அதே லாரி, அதே அரவை ஆலை.

பருப்பு வகையிலும் இதே கதை. ஒரு கோதுமை மணி சுமார் 40 மில்லிகிராம் எடை, அதில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஆக மணி ஒன்றுக்கு 4 மில்லிகிராம். உங்கள் தட்டில் மூன்று மணி விழுந்தால் அன்றைய கணக்கு தாண்டிவிட்டது. ஒரு கிலோ பருப்பில் ஐந்து மணி இருந்தால் 20 பிபிஎம்.

வெள்ளைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள், கைப்பிடி கைப்பிடியாக. நல்ல வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும். கோதுமைக்கு நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு ஓடும், பார்லிக்கும் அப்படியே. பார்லி இரு முனையும் கூர்ந்து, கொஞ்சம் வெளிறி இருக்கும். பொறுக்கி எறிந்த பிறகுதான் கழுவ வேண்டும். கழுவினால் ஒட்டிய தூள் போகும், மணி போகாது. உடைத்த பருப்பில் உடைந்த கோதுமையைக் கண்டுபிடிப்பது கடினம், அதனால் முழுப் பருப்பாக வாங்குவது நல்லது. மாவாக வாங்கினால் பொறுக்கவே வழியில்லை. அங்கே சான்றளித்த பொருள் மட்டும்.

அலைவரிசை · மார்ச் 4

இந்த மணி விஷயம் யாரும் சொன்னதில்லை. இங்கே பாத்திரம், பலகை, கரண்டி எல்லாம் தனி. டோஸ்டர் மட்டும் பொது. அதுதான் வில்லனாக இருக்கும், அதை மாற்றிவிடுகிறேன்.

தராசு · மார்ச் 4

மாற்றுவதில் தவறில்லை, ஆனால் விடை அங்கே இருக்காது. 2020-இல் இதையே அளந்து பார்த்த சிறிய ஆய்வு ஒன்று உண்டு. பொது டோஸ்டரில் சுட்ட குளூட்டன் இல்லா ரொட்டி 20 பிபிஎம்முக்குக் கீழேதான் இருந்தது. கோதுமைப் பாஸ்தா வெந்த தண்ணீரில் குளூட்டன் இல்லாத பாஸ்தாவை வேகவைத்தபோது 20-ஐத் தாண்டியது, சில மாதிரிகளில் 100-க்கும் மேல். பாத்திரத்தையும் தண்ணீரையும் மாற்றுவது டோஸ்டரை மாற்றுவதைவிட முக்கியம்.

கோதுமை மாவு பொரித்த எண்ணெயும் அப்படித்தான். சூடு குளூட்டனை அழித்துவிடும் என்று சொல்வார்கள், அது தவறு. புரதத்தின் வடிவம் மாறும், குடலைச் சீண்டும் துண்டுகள் அப்படியே இருக்கும்.

நூல்கண்டு · மார்ச் 4

தராசு சொன்ன ஆய்வைச் சமையலறை முழுவதற்கும் நீட்டிவிடக் கூடாது. டோஸ்டரில் சுடுவது வெந்த ரொட்டி, உதிர்வது துகள். பச்சை மாவு வேறு. ஒரே அறையில் கோதுமை மாவு சலித்தால் தூசி காற்றில் மிதந்து, நேரம் கழித்துத் திறந்திருக்கும் பாத்திரத்தில் படியும். சல்லடை, மர உருளை, துணி இவற்றின் இழையில் புகுந்த மாவு கழுவினாலும் முழுதாகப் போகாது. வீட்டில் ஒருவர் கோதுமை மாவு பிசைகிறார் என்றால் முதலில் அந்த நேரத்தையும் இடத்தையும் பிரியுங்கள்.

அடுத்து, நாவில் படுவதாகத் தோன்றாத வழிகள்: உதட்டுச் சாயம், மாத்திரையின் மாவுப்பொருள், பிறர் கத்தி விட்ட வெண்ணெய் டப்பா, முத்தம். மாத்திரைகளில் பெரும்பாலும் சோள மாவு அல்லது உருளைக்கிழங்கு மாவுதான், கோதுமை அரிது. பட்டியலில் ‘ஸ்டார்ச்’ என்று மட்டும் இருந்தால் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். தினமும் போடும் மருந்துக்கு மட்டும் கேட்டால் போதும்.

மால்ட் என்ற சொல் எங்கே கண்டாலும் பார்லி என்று வாசியுங்கள்: மால்ட் சாறு, மால்ட் சுவையூட்டி, மால்ட் வினிகர். இன்னொன்று பீர். ‘குளூட்டன் நீக்கிய’ பார்லி பீரில் புரதம் துண்டு துண்டாக உடைக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான பரிசோதனை முழுப் புரதத்தைத் தேடும், துண்டைக் கோட்டைவிடும். செலியாக் உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

தராசு · மார்ச் 6

ஓட்ஸ் பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். இரண்டு வேறு பிரச்சினைகள், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று, சாதாரண ஓட்ஸில் கோதுமை, பார்லி கலந்திருப்பது. அது கிட்டத்தட்ட எப்போதும் உண்டு. மற்றது, ஓட்ஸின் சொந்தப் புரதமான அவெனின் ஒரு சிறுபான்மையினருக்கு ஒத்துக்கொள்ளாதது. சுத்தமான ஓட்ஸ் வாங்கினால் முதலாவது தீரும், இரண்டாவது தீராது. தொல்லை தொடர்கிறவர்கள் சுத்தமான ஓட்ஸையும் 3 மாதம் விட்டுப் பார்க்க வேண்டும். திரும்பச் சேர்க்கும்போது நாளுக்கு 50 கிராம் உலர்ந்த ஓட்ஸ், அதற்கு மேல் வேண்டாம். நார் திடீரென்று கூடினாலும் வயிறு உப்பும், அதை அவெனின் தலையில் கட்டிவிடக் கூடாது.

அலைவரிசை · மார்ச் 7

வீட்டிலேயே குளூட்டன் சோதிக்கும் பட்டைகள் வாங்கலாமா? சிறுநீரில் பார்க்கும் சோதனை என்றும் ஒன்று கண்ணில் பட்டது.

நூல்கண்டு · மார்ச் 7

இரண்டும் வேறு வேலை. பட்டை உணவைச் சோதிக்கும், மற்றது உங்களைச் சோதிக்கும்.

பட்டையின் குறை மாதிரி எடுப்பதில். நீங்கள் சோதிப்பது பட்டாணி அளவுத் துண்டு. கோதுமை மணி பையின் மறுமூலையில் கிடந்தால் பட்டை சுத்தம் என்று சொல்லும். மாவாக அரைத்துக் கலக்கிய பிறகு எடுத்தால் கொஞ்சம் நம்பலாம். குளூட்டன் மிக அதிகமாக இருந்தாலும் சில பட்டைகளில் கோடு விழாமல் ‘இல்லை’ என்றே காட்டும். சந்தேகமிருந்தால் மாதிரியை நீர்த்து இரண்டாம் முறை பாருங்கள். சோயா சாஸ் போன்ற புளிக்கவைத்த பொருளுக்கு இந்தப் பட்டைகள் ஆகாது. சாக்லேட் போலத் துவர்ப்பு மிகுந்தவற்றுக்குத் தனிக் கரைசல் தேவை.

சிறுநீர், மலச் சோதனைகள் செரிக்காமல் மிஞ்சிய குளூட்டன் துண்டுகளைத் தேடுகின்றன. சிறுநீர் கடைசி ஒரு நாள், ஒன்றரை நாள் கதையைச் சொல்லும். மலம் கடைசிச் சில நாட்களை. வந்தது என்றால் வந்ததுதான். வராவிட்டால் அந்தச் சிறு ஜன்னலில் கண்டறியும் அளவுக்கு வரவில்லை என்று மட்டும் பொருள். அதனால் ஒரு தடவை போதாது. வார நாளில் ஒன்று, வெளியே சாப்பிட்ட மறுநாள் ஒன்று என்று எடுத்தால்தான் கசிவு எந்த நாளில் என்று பிடிபடும்.

தராசு · மார்ச் 7

இந்தச் சோதனைக்கு முன் நாட்குறிப்பு. அதுவும் ‘மதியம் சாப்பாடு, மாலை உப்புசம்’ என்று அல்ல. நேரம், பொருள், பிராண்டு, பாக்கெட்டின் பேட்ச் எண், தொல்லை தொடங்கிய நேரம், மலத்தின் வகை (பிரிஸ்டல் அட்டவணை 1 முதல் 7 வரை), மாத்திரைகள், தூக்கம், மாதவிலக்கு. இரண்டு வாரம் போதும். பேட்ச் எண்ணை எழுதுபவர்கள் குறைவு, ஆனால் அதே பிராண்டு ஒருமுறை சேர்ந்து மறுமுறை சேராதபோது அது ஒன்றுதான் துப்பு.

நேரமும் பேசும். குளூட்டன் ரத்தத்தில் கிளப்பும் எதிர்வினை 2 முதல் 4 மணி நேரத்தில் ஏறுகிறது. குமட்டல், வாந்தியும் பெரும்பாலும் அந்த நேரத்தை ஒட்டி வரும். சாப்பிட்டு எழுவதற்குள் கழிப்பறைக்கு ஓடுவது பெரும்பாலும் பெருங்குடல் வயிறு நிறைந்ததற்குக் காட்டும் அவசரம், உணர்திறன் மிகுந்த குடலின் குணம். அரை மணி, ஒரு மணியில் உப்புசம் என்றால் முதலில் சர்க்கரைகளை, குறிப்பாக லாக்டோஸை, சந்தேகிக்க வேண்டும்.

அலைவரிசை · மார்ச் 16

நாட்குறிப்பு கையில். காலை ‘அதிக நார்’ குளூட்டன் இல்லா ரொட்டி, பத்து மணிக்குச் சர்க்கரையில்லா பிஸ்கட், பாலில் தேநீர். உப்புசம் பெரும்பாலும் பிஸ்கட்டுக்கும் தேநீருக்கும் பிறகுதான். லேபிளில் இனுலின், சாந்தன் கம், மால்டிடால். மூன்றிலும் குளூட்டன் இல்லைதானே?

தராசு · மார்ச் 16

குளூட்டன் இல்லை. வாயு உண்டு.

இனுலின் சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் பிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி. கோதுமை, வெங்காயம், பூண்டில் இருப்பதும் அதே இனம். சிறுகுடல் அதைச் செரிக்காது, பெருங்குடல் பாக்டீரியா புளிக்கவைக்கும். மால்டிடால், சார்பிடால் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும், அளவு கூடினால் பேதி நிச்சயம். குளூட்டன் இல்லாத மாவுக்கு ஒட்டும் தன்மை கிடையாது, அதற்காகத்தான் சாந்தன் கம், சைலியம் சேர்க்கிறார்கள். சாந்தன் கம் கொஞ்சமாக இருந்தால் பலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு அதுவும் பேதியாகும். பிஸ்கட்டையும் நார் ரொட்டியையும் இரண்டு வாரம் விட்டு, சாதாரண அரிசி, உருளைக்கிழங்கு, முட்டை என்று சாப்பிடுங்கள். பாலைத் தொடாதீர்கள், அதாவது அளவை மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்.

அது தீராவிட்டால் லாக்டோஸ். லாக்டேஸ் என்ற நொதி குடலுறிஞ்சியின் நுனியில் இருக்கிறது. நுனி முதலில் போகும், கடைசியில் வரும். அதனால் குடல் ஆறும்வரை பால் தாங்காது, ஆறிய பிறகு பலருக்குத் தாங்கும். இரண்டு வாரம் லாக்டோஸ் இல்லாத பால், தயிர், நாள்பட்ட பாலாடைக்கட்டி. பிறகு வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாதாரணப் பால், 250 மில்லி, அதில் சுமார் 12 கிராம் லாக்டோஸ். நான்கு மணி நேரம் கவனியுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் பாலை விடுவிக்கலாம். உறுதிக்கு மூச்சு ஹைட்ரஜன் பரிசோதனை இருக்கிறது.

குறை-ஃபாட்மேப் உணவுமுறை (குடலில் புளிக்கும் சர்க்கரைகளைக் குறைப்பது) இதற்கெல்லாம் பிறகுதான். இரண்டு முதல் ஆறு வாரம் கட்டுப்பாடு, பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்ப்பது. திரும்பச் சேர்க்கும் பாதியைப் பலர் செய்வதே இல்லை. குளூட்டன் தடையின் மேல் இன்னொரு தடையை நிரந்தரமாக ஏற்றினால் நாரும் கால்சியமும் சரிந்துவிடும்.

நூல்கண்டு · மார்ச் 18

உணவை மட்டும் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அசதியைப் பற்றி அலைவரிசை எழுதியது அப்படியே கிடக்கிறது.

கேட்டு வாங்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள்: ஹீமோகுளோபின், பெரிட்டின் (இரும்பு இருப்பு), டிரான்ஸ்ஃபெரின் நிறைவு (ரத்தத்தில் ஓடும் இரும்பு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, டிஎஸ்எச் (தைராய்டு), அல்புமின், சர்க்கரை, கல்லீரல் நொதிகள். துத்தநாகமும் தாமிரமும் கூட முடிந்தால்.

இரும்பு ஏறுவது முக்கியமாகச் சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்தில், செலியாக் அடிக்கும் அதே இடம். குடல் ஆறாதவரை மாத்திரை வாயில் போட்டும் பெரிட்டின் அசையாது. அப்போது நாளுக்கு இரண்டு மூன்று என்று கூட்டுவதால் மலச்சிக்கலும் வயிற்றுவலியும்தான் மிச்சம். ஒருநாள் விட்டு ஒருநாள், தேநீரோ கால்சியமோ கூட இல்லாமல் கொடுத்துப் பார்ப்பார்கள். அதுவும் ஏறாவிட்டால் நரம்பு வழியாக. உள்ளே அழற்சி இருந்தால் பெரிட்டின் பொய்யாக நன்றாகத் தெரியும், அதனால்தான் டிரான்ஸ்ஃபெரின் நிறைவும் கேட்கச் சொன்னேன்.

தைராய்டு: செலியாக்கும் தன்னெதிர்ப்புத் தைராய்டு நோயும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வரும். ஏற்கெனவே லெவோதைராக்சின் (தைராய்டு மாத்திரை) போடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். குடல் ஆற ஆற மருந்து கூடுதலாக உறிஞ்சப்படும். பழைய டோஸே அதிகமாகிப் படபடப்பு, பேதி, தூக்கமின்மை வரலாம். அதைக் குளூட்டன் கசிவு என்று தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

கால் மரத்துப்போதல், எரிச்சல் இருந்தால் பி12-உடன் பி6-உம் பாருங்கள். கடையில் வாங்கும் வைட்டமின் மாத்திரைகளை மூன்று நான்கு சேர்த்துப் போடுகிறவர்களுக்குப் பி6 மிகுந்தே நரம்பு கெடும்.

மழைக்காகிதம் · மார்ச் 19

குறுக்கே வருகிறேன். முழங்கை, முழங்கால், பிட்டத்தில் அரிக்கும் கொப்புளம், தோல் பயாப்ஸியில் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் (செலியாக்கின் தோல் வடிவம்). வயிறு சுத்தமாக இருக்கிறது, தோல் மட்டும் கேட்கவில்லை. உணவில் தப்பு நடக்கிறதா?

நூல்கண்டு · மார்ச் 19

தப்பு நடக்காமலும் அப்படித்தான் இருக்கும். தோலுக்கடியில் படிந்த ஐஜிஏ கரைய மாதங்கள் அல்ல, ஒன்றிரண்டு வருடங்கள்கூட ஆகும். அதுவரை அரிப்புக்கு டாப்சோன் தருவார்கள், சில நாளிலேயே அடங்கும். தொடங்குமுன் ரத்த அணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதியைப் பார்த்தே ஆக வேண்டும், குறைபாடு இருந்தால் ரத்த அணுக்கள் சிதையும். அது தோலை அடக்கும் மருந்து, குடலை ஆற்றாது. அதனால் உணவில் தளர்த்தக் கூடாது. அயோடின் மிகுந்த கடற்பாசி, அயோடின் கலந்த இருமல் மருந்து சிலருக்குக் கொப்புளத்தைக் கிளப்பும். தைராய்டு காரணம் இல்லாமல் அயோடினைச் சேர்க்கவும் வேண்டாம், உப்பை முழுதாக மாற்றவும் வேண்டாம்.

அலைவரிசை · மார்ச் 31

பிஸ்கட், நார் ரொட்டி போனதில் உப்புசம் பாதி குறைந்தது. பேதி அப்படியே. இரவில்கூட எழுப்புகிறது. சில சமயம் மலம் எண்ணெய்ப்பசையாக மிதக்கிறது.

நூல்கண்டு · மார்ச் 31

இரவில் எழுப்பும் பேதி எரிச்சல் குடல் நோய்க்கு அவ்வளவாகப் பொருந்தாது. நாட்குறிப்பை மூடிவிட்டு மருத்துவரிடம் போகும் கட்டம் இது. அவர் எதைத் தேடுவார் என்று தெரிந்து போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

எண்ணெய்ப்பசை என்றதும் கணையம். குடல் சுவர் சேதமானால் கணையத்தை எழுப்பும் ஹார்மோன் குறைவாகச் சுரக்கும், கொழுப்பு செரிக்காது. மலத்தில் கணைய நொதியான எலாஸ்டேஸ்-1 பார்ப்பார்கள், கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. மலம் தண்ணீராகப் போனால் நீர்த்துப்போய் எண் பொய்யாகக் குறையும். முடிந்தவரை கெட்டியான மாதிரி கொடுங்கள், தண்ணீராக இருந்தால் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். உறுதியானால் நொதி கேப்ஸ்யூல், பெரியவர்களுக்கு முழு உணவுக்கு 40,000 முதல் 50,000 அலகு லிபேஸ், நொறுக்குக்கு அதில் பாதி. முதல் கவளத்தோடு போட வேண்டும், பெரிய உணவென்றால் பாதியை நடுவில். சாப்பிட்டு முடித்துப் போட்டால் வீண். குடல் ஆறியதும் பலருக்கு நிறுத்திவிட முடியும்.

இரவிலும் தண்ணீராகப் போவதற்கு நுண்ணிய பெருங்குடல் அழற்சி ஒரு காரணம். செலியாக்கோடு அடிக்கடி சேர்ந்து வருவது. கொலனோஸ்கோப்பியில் குடல் பளிச்சென்று நார்மலாகத் தெரியும். வலம் இடம் இரண்டு பக்கமும் பயாப்ஸி எடுத்தால்தான் தெரியும். எடுக்காமல் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டால் சோதனை பாதிதான் நடந்திருக்கிறது. வலிநிவாரணிகளும் அமிலக் குறைப்பு மாத்திரைகளும் இதைத் தூண்டலாம். சிகிச்சை பெரும்பாலும் புடெசோனைட் என்ற ஸ்டீராய்டு 9 மில்லிகிராம், ஆறு முதல் எட்டு வாரம்.

சிறுகுடலில் பாக்டீரியா பெருக்கம் என்ற பேச்சும் வரும். மூச்சுச் சோதனையில் 90 நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் 20 பிபிஎம் ஏறினால் பாசிட்டிவ் என்பார்கள். அதற்கு முன் நான்கு வாரம் ஆன்டிபயாட்டிக் கூடாது, முதல் நாள் நார் குறைந்த உணவு, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரப் பட்டினி. இந்தச் சோதனையைக் கண்ணை மூடி நம்ப வேண்டாம். தொல்லை தொடர்ந்த செலியாக் நோயாளிகளிடம் ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாட்டிக்கை டம்மி மாத்திரையோடு ஒப்பிட்ட 2011 ஆய்வில் அது தொல்லையைக் குறைக்கவில்லை. ஒருமுறை கொடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை, திரும்பத் திரும்ப வேண்டாம்.

தராசு · ஏப்ரல் 1

மருத்துவரைப் பார்க்க நாளாகும் என்றால் நடுவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மாசு நீக்கும் கடும் உணவுமுறை. சாதாரண அரிசி, புதிய காய்கறி, பழம், மசாலா தடவாத புதிய இறைச்சி, மீன், முட்டை, பொறுக்கிய முழுப் பருப்பு, எண்ணெய், உப்பு, தேன். ஆலையில் அரைத்தது, பாக்கெட்டில் வந்தது எதுவும் கிடையாது, ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டதும் கிடையாது. மூன்று முதல் ஆறு மாதம். 2013-இல் வெளியான சிறிய ஆய்வில் இதைப் பின்பற்றிய 17 பேரில் 14 பேர் தேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிறகு வழக்கமான குளூட்டன் இல்லா உணவுக்குத் திரும்பினார்கள்.

எடை குறைந்துகொண்டே போகிறவர்கள் இதைத் தனியாகத் தொடங்கக் கூடாது. பி வைட்டமினும் கால்சியமும் குறையும், துணை மாத்திரை தேவைப்படும், அதையும் கூட்டுப்பொருள் பார்த்து வாங்க வேண்டும்.

அலைவரிசை · ஏப்ரல் 1

கடைசியாக ஒரு பயம். உணவுக்கே அடங்காத வகை செலியாக் என்று படித்தேன்.

நூல்கண்டு · ஏப்ரல் 2

ரிஃப்ராக்டரி செலியாக். செலியாக் உள்ளவர்களில் 1 முதல் 2 சதவீதத்துக்குள். குறைந்தது 6 முதல் 12 மாதம் கண்டிப்பான உணவுக்குப் பிறகும் குடலுறிஞ்சி மழுங்கியிருந்து, மற்ற காரணம் எல்லாம் விலக்கப்பட்ட பிறகுதான் அந்தப் பெயரை வைப்பார்கள். ‘மற்ற காரணம்’ என்பதில் ஜியார்டியா ஒட்டுண்ணி, காசநோய், எதிர்ப்புரதக் குறைபாடு இருக்கும். ஓல்மெசார்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரையும் உண்டு. இந்த மாத்திரை பயாப்ஸியில் செலியாக் போலவே தோற்றம் காட்டும். அதைப் போடுகிறவர் மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாற வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. முதல் கட்டத்தில் ஆன்டிபாடியே சரியாகப் பார்க்கப்படவில்லை என்ற சந்தேகம் இருந்தால் எச்எல்ஏ டிகியூ2, டிகியூ8 மரபணுச் சோதனை. இரண்டும் இல்லை என்றால் செலியாக் ஏறக்குறைய இல்லை, முழுக் கதையையும் திரும்ப எழுத வேண்டும்.

ரிஃப்ராக்டரியில் இரண்டு வகை. முதல் வகையில் குடல் சுவரின் லிம்போசைட்டுகள் (வெள்ளணுக்கள்) இயல்பானவை, புடெசோனைடுக்குப் பெரும்பாலும் அடங்கும். கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொடுக்கும் முறை ஒன்று உண்டு: நாளின் முதல் கேப்ஸ்யூலின் மணிகளைப் பல்லால் அரைத்து, இரண்டாவதின் மணிகளை அரைக்காமல், மூன்றாவதை முழுதாக விழுங்குவது. மருந்து சிறுகுடலின் மேல்பகுதி முதலே வேலை செய்யட்டும் என்பதற்காக. இரண்டாம் வகையில் இயல்பு மாறிய லிம்போசைட்டுகள், அது லிம்போமா என்ற புற்றுநோய்க்குக் கொண்டுபோகலாம். அதற்கு அனுபவமுள்ள மையமே இடம்.

காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்: காரணமில்லாமல் எடை இறங்குவது, காய்ச்சல், இரவு வியர்வை, மலத்தில் ரத்தம், அல்புமின் குறைவு, ஓயாத வயிற்றுவலி, முன்பு அடங்கியிருந்த தொல்லை திடீரென்று திரும்புவது. உங்கள் விஷயத்தில் இரவுப் பேதி தவிர மற்றது எதையும் நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் இதைவிட எளிய விடைதான் கிடைக்கும், ஆனாலும் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போட வேண்டாம்.

நூல்கண்டு · ஏப்ரல் 2

எண்டோஸ்கோப்பிக்கு முன் இரண்டு விஷயம். டியோடினத்தின் முதல் குமிழில் ஒன்றிரண்டும், அதற்குக் கீழே குறைந்தது நான்கும் துண்டுகள் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சேதம் திட்டுத் திட்டாக இருக்கும், ஒரே துண்டு எடுத்தால் தப்பிவிடும். முதல் தடவை எடுத்த பயாப்ஸியின் கண்ணாடிச் சில்லுகளை அந்த ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கி, புதியவற்றோடு ஒரே நோயியல் நிபுணர் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி செய்யுங்கள். ‘மிதமான சிதைவு’ என்ற அறிக்கை வரி தனியாக எதுவும் சொல்லாது. முன்பு மொட்டையாக இருந்த இடம் இப்போது பாதி முளைத்திருக்கிறது என்றால் உணவு வேலை செய்கிறது, காலம் போதவில்லை. அப்படியே இருக்கிறது என்றால் கசிவைத் தேட வேண்டும், அல்லது அடுத்த நோயை. டிடிஜியையும் எப்போதும் ஒரே ஆய்வகத்தில் பாருங்கள், கிட் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது.